புகைப்போர் அனுசரிக்க வேண்டிய மரியாதை

சிங்காநல்லூர் வட்டாரத்தில் பீடி பிடித்துக்கொண்டு நடக்கும் வாலிபன், எதிரே தகப்பனாரோ ஊர்ப் பெரியவரோ வரக் கண்டால் அதை உடனே கீழே போட்டு அணைத்துவிடுகிறான். இது வழிவழியாக வந்த ஒழுக்கம். ஆனால் அதே மனிதன் வீட்டுத் திண்ணையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு புகைப்பதில் குற்றம் காண்பதில்லை. பெரியவர் விஷயத்தில் காக்கப்படுவது கௌரவம். குழந்தை விஷயத்தில் காக்கப்பட வேண்டியது உயிர். ஆகவே மேல் நோக்கிச் செலுத்தும் மரியாதையைக் கீழ் நோக்கியும் செலுத்துவதே அவசியம்.

புகையின் தன்மை

புகைப்பவன் ஊதிவிடும் புகை மட்டுமன்றி, பீடியின் எரியும் நுனியிலிருந்து எழும் புகையும் அருகிலுள்ளோர் மூச்சில் கலக்கிறது. ஜன்னலைத் திறந்துவைப்பதால் மட்டும் அது நீங்கிவிடாது. குழந்தைகளுக்கு இருமல், ஆஸ்துமா, காது நோய் ஆகியவற்றை இது உண்டாக்கும்; கர்ப்ப ஸ்திரீகளின் சிசுவுக்கும் கேடு தரும். ஜப்பான் தேசத்தில் ஹிராயாமா என்பவர், தாங்கள் புகைக்காத 91,540 மனைவிமாரை 14 வருஷகாலம் கவனித்து, 1981இல் முடிவை வெளியிட்டார். மிகுதியாகப் புகைக்கும் கணவருடன் வாழ்ந்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகமாகக் கண்டது.

பஞ்சுக் கிடங்கின் பாடம்

கோவை ஜில்லாவாசிகள் பஞ்சுடன் பழகியவர்கள். பஞ்சுக் கிடங்கில் எவரும் பீடி பற்றவைக்கத் துணியார். ‘ஒன்றே ஒன்று’ என்று கேட்பாரும் இல்லை, அனுமதிப்பாரும் இல்லை. பஞ்சுக்குக் காட்டும் அந்த ஜாக்கிரதையைப் பக்கத்திலிருப்பவர் நெஞ்சுக்கும் காட்டுவது நியாயம் அல்லவா?

கேட்டால் போதுமா?

‘புகைக்கலாமா?’ என்று கேட்டுவிட்டால் மரியாதை முடிந்துவிட்டதெனச் சிலர் எண்ணுகின்றனர். கூலியாள் பண்ணைக்காரரிடமும், கடன் கேட்டு வந்தவர் சங்கத் தலைவரிடமும், மனைவி கணவனிடமும் ‘கூடாது’ என்று எங்ஙனம் சொல்வர்? மறுக்க இயலாதவரிடம் பெறும் சம்மதம் சம்மதமாகாது. கேளாமலே விலகிச் செல்வதே மேலான வழி.

சட்டம்

2003ஆம் வருஷத்துப் புகையிலைப் பொருள்கள் சட்டம் பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் அமலிலுள்ள விதிகளின்படி வேலை செய்யும் இடங்களும் இதில் அடங்கும். மீறுவோருக்கு 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. சங்கக் காரியாலயமும் விலக்கன்று. அதன் வாயிலில் 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமுமுள்ள எச்சரிக்கைப் பலகை இருத்தல் வேண்டும்.

அங்கத்தினர் அனுசரிக்க வேண்டியவை

1. கூட்டத்திலும், பால் ஊற்ற வருவோர் நிற்கும் இடத்திலும் புகைக்கலாகாது.

2. சங்கத்தில் சாம்பல் தட்டும் தீப்பெட்டியும் வைக்கலாகாது. நீண்ட கூட்டங்களில் நடுவே இடைவேளை விடலாம்.

3. சிங்காநல்லூர் பஸ் நிலையம் போன்ற இடங்களில் காத்திருப்போர் நடுவே பற்றவைக்கலாகாது.

4. வீட்டினுள்ளும் வண்டியினுள்ளும், குழந்தை இல்லாத வேளையிலும் புகைக்கலாகாது. புகையின் அழுக்கு துணியிலும் சுவரிலும் தங்கிவிடும்.

5. புகைக்காதவரும் கடுஞ்சொல் கூறாமல், “அண்ணா, சற்று வெளியே போய்ப் பிடித்து வாருங்கள்” என இதமாகச் சொல்லலாம். பலர் நடுவே அவமானப்பட்டவர் திருந்துவது அரிது.

புகைப் பழக்கத்தை அடியோடு விடுவதே உத்தமம். அதற்குக் காலம் பிடிக்கலாம். பிறர் மூச்சைக் காக்கும் மரியாதைக்கோ ஒரு நாளும் காத்திருக்க வேண்டியதில்லை. பெரியவரைக் கண்டு அணைக்கும் கை, குழந்தையைக் கண்டும் அணைக்கட்டும்.