உளநலத்தில் வாழ்க்கைச் சூழலும் உறவுகளும்

சுகாதாரமும் உடற்கல்வியும் – க.பொ.த. (சாதாரண தரம்)

நோயற்றிருப்பது மட்டுமன்றி உடல், உள, சமூக ரீதியாக முழுமையான நன்னிலையில் இருத்தலே சுகாதாரம் என்பது 1948 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபன யாப்பின் வரைவிலக்கணமாகும். இதனை மாணவர் பலர் மனனஞ் செய்து சரியாக எழுதிவிடுவர். ஆனால் சம்பவமொன்றைத் தந்து காரணம் கேட்டால், "மனவுறுதி இல்லாதவர்" என எழுதிப் புள்ளியை இழப்பர். பின்வரும் சம்பவத்தை வாசியுங்கள்.

தரம் 11 மாணவி ஒருத்தியின் தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகக் குவைத் சென்று இரண்டு வருடங்களாகின்றன. தந்தை கடற்றொழிலாளி. அவள் அம்மம்மா வீட்டில் தம்பியுடன் வசிக்கிறாள். சமையலும் தம்பியின் படிப்பும் அவள் பொறுப்பு. வலைப்பந்தாட்ட அணியில் இருந்தவள் இப்போது பயிற்சிக்கு வருவதில்லை. இரவில் நித்திரையில்லை, வகுப்பில் தலையிடி என்று மேசையில் படுக்கிறாள். சிறு விடயத்துக்கும் தம்பியில் எரிந்து விழுகிறாள். எல்லோரும் அவளைச் சோம்பேறி என்கின்றனர்.

பிரிவு, வயதுக்கு மீறிய பொறுப்பு, பரீட்சை என்பன ஒரே காலத்தில் சேர்ந்துள்ளன. ஹோம்ஸ், ரஹே ஆகியோர் 1967 இல் 43 வாழ்க்கை நிகழ்வுகளுக்குப் புள்ளியிட்டு நெருக்கீட்டை அளந்தனர். வாழ்க்கைத்துணையின் இறப்புக்கு 100 புள்ளி. மகிழ்ச்சியான நிகழ்வாகிய திருமணத்துக்கும் 50 புள்ளி! மாற்றம் எதுவாயினும் உள்ளம் அதற்கு இசைவாக வேண்டியுள்ளது என்பதே காரணம்.

எனினும் துன்பத்தின் அளவு மட்டும் எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955 இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் குழுவினர் பல தசாப்தங்கள் அவதானித்தனர். வறுமை, குடும்பப் பிணக்கு போன்ற பாதிப்புகள் பல சேர்ந்திருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் ஆற்றலும் அன்பும் மிக்கவர்களாக வளர்ந்தனர். பாட்டி, ஆசிரியர், அயலவர் என நம்பத்தக்க பெரியவர் ஒருவரேனும் அவர்களுக்கு இருந்தமை இதற்கு ஒரு முக்கிய காரணம்.

எமது மாணவிக்கு அம்மம்மா இருக்கிறாரே எனக் கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் சொன்னால் அம்மம்மா அழுவா என்று அவள் எதையும் சொல்வதில்லை. தாய் தொலைபேசியில் கேட்டாலும் "எல்லாம் நல்லம் அம்மா" என்பதே பதில். உறவு இருப்பது வேறு, அவ்வுறவில் மனந்திறக்க முடிவது வேறு. விடையெழுதும்போது இவ்வேறுபாட்டைக் காட்டுங்கள்.

நெருக்கீடெல்லாம் நோயன்று. ஆயினும் கவலை, எதிலும் நாட்டமின்மை, நித்திரைக் குழப்பம் என்பன இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர், வைத்தியசாலை உளநலப் பிரிவு, தேசிய உளநல நிறுவகத்தின் 1926 தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை நாடலாம்.

பயிற்சி

1. இம்மாணவியிடம் காணப்படும் உடல், உள, சமூக ரீதியான மாற்றங்களில் ஒவ்வொன்று தருக.
2. அவளது நெருக்கீட்டைக் குறைக்கத் தந்தை செய்யக்கூடிய இரண்டு விடயங்களை எழுதுக.
3. நீர் அவளது வகுப்புத் தோழி எனின், முதலில் அவளிடம் என்ன கேட்பீர்?