வீட்டிலேயே ரை ரொட்டி: வெப்ப நாட்டிற்கேற்ற செய்முறை

நாம் உண்ணும் ரொட்டி பெரும்பாலும் கோதுமையால் ஆனது. ஆயினும், வட ஐரோப்பாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் வாழும் மக்கள் பல நூற்றாண்டுகளாக 'ரை' என்னும் தானியத்தால் ஆன கருநிற ரொட்டியை உண்டு வருகின்றனர். அவ்வகை ரொட்டியை 'ஃபுட் பிராசசர்' எனப்படும் சமையல் இயந்திரத்தின் துணைகொண்டு நாமும் வீட்டில் செய்துகொள்ளலாம். ஆனால், குளிர் நாட்டு நூல்களில் கண்ட செய்முறையை அப்படியே பின்பற்றினால், மாவு அளவு மீறிப் புளித்து ரொட்டி அமுங்கிவிடும். அதன் காரணத்தை அறிந்துகொண்டால் பொருளும் உழைப்பும் வீணாகா.

எளியோரின் தானியம்

ரை, கோதுமைக்கு உறவான தானியம். உறைபனியையும் வளம் குன்றிய மணற்பாங்கான நிலத்தையும் தாங்கி வளரக்கூடியது. ஆதலால் ஜெர்மனி, போலந்து, ரஷ்யா, பின்லாந்து முதலிய நாடுகளில் அது உழவர்களின் அன்றாட உணவாயிற்று. செல்வர் வெண்ணிறக் கோதுமை ரொட்டியை உண்டனர்; எளியோர் ரை ரொட்டியை உண்டனர். நம் முன்னோருள் பலர் கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் உண்டு, நெல்லுச் சோற்றை விருந்து நாளுக்கென வைத்திருந்ததை இது நினைவூட்டுகிறது.

இன்று நிலைமை மாறிவிட்டது. கேழ்வரகைப் போலவே ரையும் அதன் நார்ச்சத்தின் பொருட்டுப் போற்றப்படுகிறது. பின்லாந்து மக்கள் தங்கள் நாடு விடுதலை பெற்ற நூறாம் ஆண்டான 2017இல் ரை ரொட்டியையே தேசிய உணவாகத் தேர்ந்தெடுத்தனர்.

மாவின் இயல்பு

கோதுமை மாவை நீர் விட்டுப் பிசைந்தால், அதிலுள்ள புரதம் இழுபடும் வலைபோல் அமைகிறது. ஈஸ்ட் வெளியிடும் வாயுவை அவ்வலை பிடித்து வைப்பதால் ரொட்டி உப்புகிறது. ரை மாவில் இவ்வலை நன்கு அமைவதில்லை. மாறாக, அதிலுள்ள ஒருவகைப் பசைப்பொருள் நீரை மிகுதியாக உறிஞ்சி, மாவைக் கையில் ஒட்டச் செய்கிறது. எனவே, முதன்முறை செய்வோர் இரண்டு பங்கு கோதுமை ரொட்டி மாவுடன் ஒரு பங்கு ரை மாவு சேர்ப்பதே நன்று.

முழுவதும் ரையால் ஆன ரொட்டியை ஐரோப்பியர் புளித்த மாவைக் கொண்டே செய்கின்றனர். அப்புளிப்பு, ரொட்டியின் உட்பகுதி பிசுபிசுத்துப் போகாமல் காக்கிறது. நம் இட்லி மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு இனமான நுண்ணுயிர்களே அங்கும் அப்பணியைச் செய்கின்றன.

நீரின் குளிர்ச்சி

ஃபுட் பிராசசர் 1970களின் தொடக்கத்தில் பிரான்சில் இல்லங்களுக்கு ஏற்ற வடிவம் பெற்று, 1973இல் அமெரிக்காவில் அறிமுகமாயிற்று. கையால் பத்து நிமிடம் பிசைய வேண்டிய மாவை அது ஒரு நிமிடத்திற்குள் பிசைந்துவிடும். ஆனால், வேகமாகச் சுழலும் அலகின் உராய்வு மாவைச் சூடாக்குகிறது. பிசைந்து முடித்த மாவு ஏறத்தாழ 26 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருத்தல் வேண்டும்.

இதற்கு ரொட்டி செய்வோர் ஓர் எளிய கணக்கைக் கையாளுகின்றனர். 26ஐ 3ஆல் பெருக்கினால் 78. அதிலிருந்து அறையின் வெப்பம், மாவின் வெப்பம், உராய்வால் ஏறும் வெப்பம் ஆகிய மூன்றையும் கழித்தால், நீர் இருக்கவேண்டிய வெப்பம் கிடைக்கும். உராய்வுக்கு ஏறத்தாழ 12 எனக் கொள்ளலாம்.

குளிர் நாட்டில் அறையும் மாவும் 20 பாகையில் இருப்பின், நீர் 26 பாகையில் இருக்க வேண்டும். நம் நாட்டில் அறையும் மாவும் 30 பாகையில் இருப்பதால், நீர் 6 பாகையில் இருத்தல் வேண்டும். அதாவது, குளிர்பெட்டியிலிருந்து அப்போதே எடுத்த நீரே நமக்கு ஏற்றது. வெதுவெதுப்பான நீர் நமக்குப் பொருந்தாது.

தேவையான பொருள்கள்

ரொட்டி மாவு (கோதுமை) – 200 கிராம்
ரை மாவு – 100 கிராம்
உடனடி ஈஸ்ட் – 1 தேக்கரண்டி
உப்பு – 1 தேக்கரண்டி
சீனி – 2 தேக்கரண்டி
சமையல் எண்ணெய் – 1 மேசைக்கரண்டி
குளிர்ந்த நீர் – 190 முதல் 200 மில்லிலிட்டர்

ரை மாவு, ரொட்டி, கேக் செய்பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

செய்முறை

1. நீர், எண்ணெய் தவிர்ந்த பொருள்களை இயந்திரத்தில் இட்டுப் பத்து விநாடி ஓடவிட்டுக் கலக்கவும்.

2. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில், மேற்குழாய் வழியே எண்ணெயையும் நீரையும் சிறிது சிறிதாக ஊற்றவும். மாவு ஒன்றுதிரண்டவுடன் நிறுத்தவும்.

3. இரண்டு நிமிடம் கழித்து, பதினைந்து விநாடி வீதம் மூன்று முறை ஓடவிடவும். இதற்கு மேல் ஓட்டினால் மாவு சூடேறும். இயந்திரம் திணறினால் உடனே நிறுத்தி, மாவை இரண்டாகப் பிரித்துப் பிசையவும்.

4. மின்தொடர்பைத் துண்டித்த பின்னரே மாவை வெளியில் எடுக்க வேண்டும். அலகு மிகக் கூர்மையானது. சிறுவர்களை அருகில் விடலாகாது.

5. மாவை எண்ணெய் தடவிய பாத்திரத்தில் இட்டு மூடி வைக்கவும். நம் வெப்பத்தில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்திற்குள் அது இரு மடங்காகும். கடிகாரத்தை விட மாவையே கவனித்தல் நன்று.

6. மாவை மெல்ல அழுத்தி, உருட்டி, எண்ணெய் தடவிய அச்சில் வைத்து மேலும் 30 நிமிடம் உப்பவிடவும். விரலால் அழுத்திய குழி மெதுவாக மேலெழுந்தால் பதம் வந்துவிட்டது என அறியலாம். குழி அப்படியே நின்றால் நேரம் கடந்துவிட்டது.

7. முன்னரே சூடாக்கிய ஓவனில் 200 பாகையில் 35 முதல் 40 நிமிடம் வேகவிடவும். அடிப்பகுதியைத் தட்டினால் உள்ளீடற்ற ஓசை எழ வேண்டும்.

8. கம்பித் தட்டில் மூன்று மணி நேரமேனும் ஆறவிட்ட பின்னரே வெட்டவும். சூட்டோடு வெட்டினால் ரை ரொட்டி கத்தியில் ஒட்டிக்கொள்ளும்.

கவனத்திற்குரியவை

முழு ரை மாவில் தானியத்தின் எண்ணெய் உள்ளமையால் அது விரைவில் சிக்குப் பிடிக்கும், வண்டும் விழும். காற்றுப் புகாத டப்பாவில் இட்டுக் குளிர்பெட்டியில் வைத்தல் வேண்டும்.

கடையில் வாங்கும் ரொட்டி கருநிறமாக இருப்பதாலேயே அது முழுத்தானிய ரொட்டி ஆகிவிடாது. கருகச் செய்த சீனியின் நிறமாகவும் அது இருக்கக்கூடும். பொட்டலத்தின் மேல் அச்சிடப்பட்டுள்ள பொருள் பட்டியலைப் படித்தறிதல் வேண்டும்.

நீரிழிவு நோயுற்றோர் ரை ரொட்டியை மருந்தெனக் கருதலாகாது. அதிலும் மாவுச்சத்து உண்டு. எனவே அளவறிந்து உண்ண வேண்டும். கோதுமைப் புரதம் ஒவ்வாதோர்க்கு ரையும் ஒவ்வாது. அவர்கள் இதனை அறவே தவிர்க்க வேண்டும்.

இயந்திரம் நம் கையின் உழைப்பைக் குறைக்கும். மாவு புளிக்கும் காலத்தையும் நம் நாட்டின் வெப்பத்தையும் நாமே கணித்தறிதல் வேண்டும். பிற நாட்டுச் செய்முறை எதுவாயினும், அதன் காரணத்தை ஆராய்ந்து நம் சூழலுக்கேற்ப அமைத்துக்கொண்டால் நற்பயன் எய்துவோம்.