நான்கு சென்டிமீட்டர் உயரமும் அதன்மேல் கட்டிய நம்பிக்கைகளும்

குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வட்டாரத்தில் கார் வாங்கப் போகிற குடும்பத்தில் இன்று முதலில் அடிபடும் பெயர் ‘காம்பேக்ட் எஸ்யூவி’. அந்த ஆசைக்குக் காரணம் இருக்கிறது. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையின் நான்குவழிப் பணி ஆண்டுக்கணக்காக இழுத்தடித்ததில் பண்ருட்டிக்கும் சேத்தியாத்தோப்புக்கும் இடையே குண்டும் குழியும் பழகிப்போயிற்று. கடலூர்–விருத்தாசலம் சாலையில் சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் போய்வரும் கனரக வண்டிகளுக்கு நடுவே சின்னக் காரை ஓட்டுவது மனத்துக்கு நெருக்கடிதான். ஐப்பசி, கார்த்திகை வந்தால் பரவனாறும் பெருமாள் ஏரியும் என்ன செய்யுமோ என்ற கவலை வேறு. இந்தத் தேவைகளின் மேல்தான் நான்கு நம்பிக்கைகள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன: எந்த ரோட்டிலும் போகும், தண்ணீரில் இறங்கும், இடித்தாலும் உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது, விற்றால் விலை போகும். நான்குக்கும் வேர் ஒன்றே. வண்டி உயரமாக இருக்கிறது, அதனால் வலிமையாகவும் இருக்கும் என்ற எண்ணம். உயரம் தரும் பயன் ஒன்றிரண்டு உண்டு. ஆனால் இந்த நான்கில் எதையும் உயரம் முடிவு செய்வதில்லை என்பதே என் வாதம்.

முதலில் அந்த உயரம் எவ்வளவு என்று பார்ப்போம். மாருதி ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மில்லிமீட்டர், ஹூண்டாய் வென்யூவுக்கு 195, டாடா நெக்ஸானுக்கு 208. சாதாரணச் சின்னக் காருக்கும் இந்த எஸ்யூவிகளுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று முதல் நாலரை சென்டிமீட்டர்தான். அதுவும் பெரும்பாலும் ஆள் ஏறாத வண்டியை அளந்த கணக்கு. ஐந்து பேரும் திருச்செந்தூர் போகிற அளவுக்கு மூட்டை முடிச்சும் ஏறினால் பின்பக்கம் சில சென்டிமீட்டர் இறங்கிவிடும். இவற்றின் அடித்தளமும் பெரும்பாலும் சின்னக் காருடையதே. மாருதி ஃபிராங்ஸ் பலேனோவின் அடித்தளத்தில் எழுந்தது, ஹூண்டாய் எக்ஸ்டர் கிராண்ட் ஐ10 நியோஸின் உறவு, டாடா பஞ்சும் அல்ட்ரோஸும் ஒரே தளம், மறைமலை நகரில் 2013 முதல் உருவான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் ஃபியெஸ்டாவிலிருந்து வந்தது. நெக்ஸான், வென்யூ, சோனெட், பிரெஸ்ஸா எல்லாமே முன்சக்கரத்தை மட்டும் இழுக்கிற வண்டிகள். ஈரக் களிமண்ணில் சிக்கினால் ஸ்விஃப்ட் திணறுவதுபோலவே இவையும் திணறும். நீளம் 4 மீட்டருக்குள் நிற்பதும் சாலையின் தேவையால் வந்ததல்ல. 4 மீட்டருக்கு உட்பட்ட நீளம், பெட்ரோல் என்றால் 1200 சி.சி., டீசல் என்றால் 1500 சி.சி. வரை, இதற்குள் அடங்கினால் வரி குறைவு என்று 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட் வகுத்த கோடு அது.

அப்படியானால் உயரத்தால் பயனே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. முட்டிவலி உள்ள பெரியவர்கள் குனியாமல் ஏறி இறங்கலாம். முன்னே போகும் லாரியைத் தாண்டிச் சற்று தூரம் பார்வை எட்டும். ஊருக்கு ஊர் போட்டிருக்கும் அளவுகெட்ட வேகத்தடையில் அடிவயிறு உரசாது. இவற்றுக்காக இந்த வண்டியை வாங்குபவர் சரியான காரணத்துக்காக வாங்குகிறார். குழியைத் தாங்குவது வேறு. அது சஸ்பென்ஷனின் தரத்தையும் டயரின் பக்கச்சுவர் உயரத்தையும் பொறுத்தது. பார்வைக்காகப் பெரிய அலாய் சக்கரமும் ஒல்லியான டயரும் மாட்டிய உயர்விலை ரகத்தைவிட, சின்னச் சக்கரமும் தடித்த டயரும் உள்ள நடுவிலை ரகம் வடலூர்–சேத்தியாத்தோப்பு சாலைக்குப் பொருத்தம். ஷோரூம் வாசலில் இருக்கும் நல்ல ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதில் இது தெரியாது. வீட்டாரை முழுமையாக ஏற்றிக்கொண்டு, தினமும் போகிற மோசமான சாலையில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள்.

இரண்டாவது நம்பிக்கைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனென்றால் அதன் விலை உயிர். 2015 நவம்பர் 9 அன்று ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டம் பட்ட பாட்டை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடைவெள்ளம் வீடுகளோடு மனிதர்களையும் அடித்துச் சென்றது. ஓடுகிற நீர் முழங்காலுக்குக் கீழே, சுமார் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சின்னக் காரை நகர்த்திவிடும். 60 சென்டிமீட்டர் இருந்தால் பெரிய எஸ்யூவியையும் மிதக்கவைத்து இழுத்துப் போகும். உயரமான வண்டி கொஞ்சம் தாமதமாக மிதக்கும், அவ்வளவுதான். ஓடும் நீர் வேண்டாம், தேங்கிய நீரில் போகலாமே என்பார்கள். அங்கே கேட்க வேண்டியது எஞ்சின் காற்றை எந்த உயரத்தில் உறிஞ்சுகிறது என்பது. நம் வண்டி எழுப்பும் அலையோ, எதிரே வரும் பேருந்து தள்ளும் அலையோ அந்த வாயைத் தொட்டால் சிலிண்டருக்குள் தண்ணீர் போகும். காற்றைப்போலத் தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால் கனெக்டிங் ராடு வளையும். நின்றுபோன வண்டியை அங்கேயே திரும்ப ஸ்டார்ட் செய்வதுதான் பெரும்பாலும் எஞ்சினைக் கொல்கிறது. அந்தச் செலவைச் சாதாரண ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ ஏற்காமல் போகலாம். எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியாகச் சேர்க்கும் பிரிவு பாலிசியில் இருக்க வேண்டும். கடலூர் மாவட்டத்தில் கார் வைத்திருப்பவருக்குச் சன்ரூஃபைவிட அந்தச் சில ஆயிரம் ரூபாய் முக்கியம்.

பழைய வண்டி வாங்குகிறவருக்கு வெள்ளம் இன்னொரு வழியிலும் வந்து சேரும். 2015 டிசம்பர் மழையிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கார்கள் ஏராளமாக மூழ்கின. பழுதுச் செலவு, பாலிசியில் குறித்த மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனம் முழு இழப்பாகக் கணக்குத் தீர்க்கும். பிறகு அந்த வண்டி ஏலத்துக்குப் போகும். கழுவி, சீட் உறை மாற்றி, வேறு ஊரில் விலைக்கு வர வாய்ப்பு உண்டு. பளபளப்பு இதை மறைத்துவிடும். நான்கு சீட் பெல்ட்டுகளையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், வெளியே வராத பகுதியில் சேற்றுக்கறை இருக்கும். ஸ்டெப்னி இருக்கும் பள்ளம், கால்மிதிக்குக் கீழே உள்ள கம்பளத்தின் அடிப்பக்கம், சீட் நகரும் தண்டவாளத்தின் துரு, ஃப்யூஸ் பெட்டிக்குள் பச்சை பூத்த செம்பு ஆகியவை பொய் சொல்லாது. நம்பும் மெக்கானிக்கைக் கூட்டிப்போய் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் பார்க்கச் சொல்லுங்கள், ஸ்கேனரை மாட்டி ஏர்பேக், ஏபிஎஸ் பிழைகளைப் படிக்கச் சொல்லுங்கள். பழைய இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் கேட்டு வாங்கலாம். விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால், அந்தப் பேரத்தை அத்தோடு விட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது, பாதுகாப்பு. உயரமும் கனமும்தான் காப்பாற்றும் என்பதற்கு எதிரான சான்று கையிலேயே இருக்கிறது. லாரியைப் போன்ற ஏணிச் சட்டத்தின் மேல் கட்டப்பட்ட மஹிந்திரா பொலிரோ நியோ 2024-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஒரே ஒரு நட்சத்திரம் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில், தாழ்வான செடான் காரான புதிய டிசையர் பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. முந்தைய சான்று இன்னும் கடுமையானது: ஏர்பேக் இல்லாத ரெனோ டஸ்டர் 2017 சோதனையில் பூஜ்ஜியம் வாங்கியது. அதே மஹிந்திராவின் எக்ஸ்யூவி300 உயரமான வண்டிதான், 2020-இல் ஐந்து நட்சத்திரம் பெற்றது. வேறுபாட்டைத் தருவது கூடு நசுங்காமல் நிற்கிறதா, பெல்ட்டும் ஏர்பேக்கும் சரியான நொடியில் பிடிக்கின்றனவா என்பதே. உயரம் இதில் சிறிது பாதகமும்கூட, ஏனென்றால் திடீரென்று ஸ்டியரிங்கை ஒடித்தால் உயர்ந்த வண்டி எளிதில் சாயும். அதைத் தடுக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, அதாவது இஎஸ்சி, இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் ஆய்வுக்கூடச் சுவரில் மோதவிடும் சோதனை, நிலக்கரி லாரியோடு நேருக்கு நேர் மோதினால் என்ன சொல்லும் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்தச் சோதனை, ஏறக்குறைய சம எடையுள்ள இன்னொரு காரோடு மோதுவதற்கு ஒப்பானது, லாரிக்கு எதிராக எந்த உத்தரவாதமும் தராது. ஆனால் அந்த வேகத்திலேயே கூடு குலைந்துபோகும் வண்டி, அதைவிடப் பெரிய அடியில் நன்றாக நடந்துகொள்ள வழியே இல்லை. நட்சத்திரத்துக்குத் தேதியும் உண்டு. நெக்ஸான் 2018-இல் பெற்ற ஐந்தும் 2024-இல் பெற்ற ஐந்தும் ஒன்றல்ல, நடுவில் சோதனை விதிகள் கடுமையாகிவிட்டன. பழைய வண்டி பார்ப்பவர்கள் சட்டத்தின் காலக்கோட்டை மனத்தில் வைக்க வேண்டும். எல்லாக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில், ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையில், பக்கத்து இருக்கை ஏர்பேக் 2021 கடைசியில். அதற்கு முந்தைய வண்டிகளின் அடிப்படை ரகத்தில் இவை இல்லாமலே போயிருக்கலாம். உயர்விலை ரகத்துக்குக் கிடைத்த நல்ல பெயரைக் காட்டி அடிப்படை ரகத்தை விற்பது எளிது.

நான்காவதான மறுவிற்பனை நம்பிக்கை நம் ஊரில், நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் பெயரால், தனி உருவம் எடுத்திருக்கிறது. ‘என்.எல்.சி. ஆபீசர் வண்டி சார், சிங்கிள் ஓனர், டவுன்ஷிப்புக்குள்ளேயே ஓடினது, முப்பதாயிரம் கிலோமீட்டர்கூடத் தாண்டல’ என்று சொன்னால் விலை கூடிவிடுகிறது. கிலோமீட்டர் குறைவாக இருப்பது நல்லதுதான், அது எப்படி ஓடிய கிலோமீட்டர் என்று தெரிந்தால். வீட்டிலிருந்து சுரங்க அலுவலகத்துக்கும் மார்க்கெட்டுக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி, எஞ்சின் சூடேறுவதற்குள் அணைக்கப்படும் வண்டி சுகமாக வாழ்ந்த வண்டி அல்ல. ஆயிலில் ஈரம் சேரும், பேட்டரி முழுதாக ஏறாது, டயர் தேயாமலே ஆண்டுகளில் இறுகிப்போகும். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும், பாருங்கள். டீசலாக இருந்தால் பாடு கூடுதல். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 விதிக்குப் பிறகான டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள, கால் மணி நேரமாவது சீரான வேகத்தில் நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். டவுன்ஷிப் பிளாக்குகளுக்குள் சுற்றுவதில் அது நடக்காது, அடைபட்டால் மாற்றும் செலவு பெரிது. வாரந்தோறும் சென்னைக்கோ திருச்சிக்கோ போய்வரும் வீட்டுக்கு டீசல் சரி, ஆபீசுக்கும் கோயிலுக்கும் மட்டும் என்றால் பெட்ரோலே போதும். அறுபதாயிரம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடி, சர்வீஸ் ரசீதுகள் வரிசையாக இருக்கிற வண்டியை நான் அந்த டவுன்ஷிப் வண்டியைவிட மதிப்பேன்.

டீசலுக்குப் பத்து ஆண்டுதான் ஆயுள் என்ற பேச்சும் இங்கே ஓடுகிறது. அந்தத் தடை டெல்லி வட்டாரத்துக்கு உரியது. தமிழ்நாட்டில் சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு, தகுதி இருந்தால் பிறகு புதுப்பிக்கலாம். ஈகோஸ்போர்ட்டை ‘கம்பெனி போயிடுச்சு’ என்று ஒதுக்குவதும், ‘அதனாலே மலிவு’ என்று பாய்வதும் ஒரே தவறின் இரு பக்கங்கள். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோதே சர்வீசும் உதிரிபாகமும் தொடரும் என்றது. ஆகவே கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒரு ஹெட்லைட்டும் பம்பரும் எத்தனை நாளில் வரும், என்ன விலை என்று கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.

விலைக் கணக்கில் வரியைத் தவறவிடக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல், முன்பு சொன்ன சி.சி. அளவுக்கும் 4 மீட்டருக்கும் உட்பட்ட கார்களுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு, மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40. பிரெஸ்ஸா 4 மீட்டருக்குள் இருந்தும் அதன் 1462 சி.சி. பெட்ரோல் எஞ்சினால் 40-இல் விழுகிறது. ஃபிராங்ஸும் நெக்ஸானும் 18-இல் நிற்கின்றன. வரி குறைந்த வண்டியின் புது விலை இறங்கிவிட்டதால், அதற்கு முந்தைய விலையை வைத்துச் சொல்லப்படும் பழைய வண்டி விலையை ஏற்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் லைஃப் டாக்ஸ் 5 முதல் 10 லட்சம் வரை 13 விழுக்காடு, அதைத் தாண்டி 20 லட்சம் வரை 18. விலை 9.9 லட்சம் என்றால் வரி 1,28,700 ரூபாய், 10.1 லட்சம் என்றால் 1,81,800. இருபதாயிரம் ரூபாய் பெறும் கூடுதல் வசதிக்காக வரியில் மட்டும் ஐம்பத்து மூவாயிரம் போகும். புதுச்சேரியில் இந்த வரி குறைவு, அங்கே பதிவான வண்டி மலிவாகக் கிடைப்பதும் இதனால்தான். ஆனால் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், வண்டியின் வயதுக்கேற்பத் தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். அதைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். கடன் இருந்த வண்டியானால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம், வேறு மாநில வண்டியானால் அங்குள்ள ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி.யும், கையெழுத்திட்ட 29, 30 படிவங்களும் கைக்கு வந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.