சருகடியில் ஒரு கணக்கு

நிலநடுக்கோட்டின் இருபுறத்தும் அடுத்துள்ள நாடுகளை வெப்பமண்டல நாடுகள் என்பர். நடு அமெரிக்காவில் உள்ள கோஸ்டாரிக்கா அவற்றுள் ஒன்று. அந்நாட்டின் லா செல்வா மழைக்காட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் பல கூடி அமைத்த கழகம் ஒன்று, 1968-ஆம் ஆண்டு அவ்விடத்தை விலைக்கு வாங்கியது. அன்று தொட்டுப் பல நாட்டு மாணவர்கள் காட்டையே பள்ளியாகக் கொண்டு அங்குப் பயின்று வருகின்றனர். ஊர்வனவற்றையும் நீர்நில வாழ்வனவற்றையும் அவர்கள் கணக்கெடுக்கும் முறையை இங்குக் காண்போம்.

லா செல்வாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஓங்கி வளர்ந்த மரங்கள் இடைவிடாது இலைகளை உதிர்க்கின்றன. அச்சருகே சிறு தவளைகளுக்கும் ஓணான்களுக்கும் வீடு. அவை உண்ணும் பூச்சிகளுக்கும் அதுவே வீடு.

மாணவர்கள் முதலில் தரையில் ஒரு சதுரத்தை அளந்து குறிப்பர். பின்னர் நாற்புறமும் நின்று, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சருகைச் சிறிது சிறிதாக விலக்குவர். தவளை துள்ளும், ஓணான் ஓடும். அதன் இனம், நீளம், கண்ட இடம், நேரம் ஆகியவற்றை உடனே குறிப்பேட்டில் எழுதுவர். எழுதியபின் அதனை அங்கேயே விட்டுவிடுவர். வெறுங்கையால் சருகைத் துழாவுதல் ஆகாது. டெர்சியோபெலோ என்னும் கொடிய விரியன் சருகின் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும். ஆதலின் கோல் கொண்டே விலக்குவர். உயரமான ரப்பர் காலணிகளை அணிந்திருப்பர்.

செந்நிற உடலும் நீலக் கால்களும் உடைய சிறு நச்சுத்தவளை அங்கு உண்டு. தாய்த் தவளை தன் தலைப்பிரட்டைகளை முதுகில் சுமந்து சென்று, இலைக்கவட்டில் தேங்கிய நீரில் விடும். கருவுறாத முட்டைகளை இட்டு அவற்றை ஊட்டும். என்னே அதன் தாயன்பு!

இரவில் விளக்கேந்திச் செல்வர். தவளை தன் வாயால் கெடும் என்பது நம் பழமொழி. இங்கோ அதன் குரல் அதற்குக் கேடு விளைப்பதில்லை. மாணவரின் கணக்கில் அதற்கு ஓர் இடம் தேடித் தருகிறது.

சில சதுரங்களில் ஓருயிரும் அகப்படாது. அப்பொழுது 'ஒன்றுமில்லை' என்று எழுதுதல் வேண்டும். கண்டதை மட்டும் எழுதிக் காணாததை விட்டுவிட்டால் கணக்குப் பொய்யாகிவிடும்.

இத்தகைய கணக்கால் பயன் என்ன? லா செல்வாவில் 35 ஆண்டுகளாகத் திரண்ட குறிப்புகளை அறிஞர்கள் ஒப்பிட்டு, 2007-ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டனர். 1970 முதல் அக்காட்டுச் சருகில் வாழும் தவளைகளும் ஓணான் முதலியனவும் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்துவிட்டன! பாதுகாக்கப்பட்ட காட்டினுள்ளேயே இது நிகழ்ந்தது. காலநிலை மாறியதால் சருகுப்படலம் குறைந்தமை காரணமாகலாம் என அவர்கள் கருதினர்.

ஒரு நாள் மட்டும் வந்து கண்டவருக்கு அக்குறை தோன்றியிராது. காடு பசுமையாகவே இருந்தது; பறவைகள் பாடிக்கொண்டே இருந்தன. மழையில் நனைந்துகொண்டு உண்மையை உள்ளவாறு எழுதிவைத்தவர்களின் குறிப்பேடுகளே அவ்விழப்பைக் காட்டிக்கொடுத்தன. அழிவை அறிந்தால்தானே காக்க முற்படலாம்? மாணவர்களே, நும் ஊர்க் குளத்தங்கரையிலும் தவளைகள் வாழ்கின்றன. அவற்றைத் துன்புறுத்தாது நோக்குங்கள். கண்டதைக் கண்டவாறு எழுதுங்கள்.