இலங்கை வரலாற்றோடு இணைந்த பிரித்தானியப் பெண்கள்



பிரித்தானியர் ஆட்சிக்காலம் என்ற அலகைப் படிக்கும்போது தேசாதிபதிகளின் பெயர்களையும் ஆணைக்குழுக்களின் பெயர்களையும் மனனம் செய்கின்றோம். அவை பெரும்பாலும் ஆண்களின் பெயர்கள். அதே காலத்தில் பிரித்தானியாவில் பிறந்த, அல்லது பிரித்தானியக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் சிலரும் இலங்கைக்கு வந்து கலை, கல்வி, அரசியல் ஆகிய துறைகளில் பணியாற்றினர். இப்பாடத்தில் அவர்களுள் நால்வரைப் பற்றியும், பிரித்தானியப் பெண்களின் வாக்குரிமைப் போராட்டம் நமது நாட்டு வாக்குரிமையுடன் எவ்வாறு தொடர்புபடுகின்றது என்பதைப் பற்றியும் நோக்குவோம்.

1. ஜூலியா மார்கிரட் கமரன் (1815 - 1879)

கோல்புறூக் - கமரன் சீர்திருத்தம் (1833) நீங்கள் நன்கு அறிந்தது. அதில் வரும் சார்ள்ஸ் ஹே கமரனின் மனைவியே இவர். கல்கத்தாவில் பிறந்தவர். 1863ஆம் ஆண்டு, தமது 48ஆவது வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவைக் கொண்டு புகைப்படக் கலையைக் கற்றுக்கொண்டார். விஞ்ஞானி சார்ள்ஸ் டாவின், கவிஞர் டெனிசன் ஆகியோரை இவர் எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றவை. புகைப்படம் ஒரு கலை என்பதை நிலைநாட்டிய முன்னோடிகளுள் இவரும் ஒருவர்.

கமரன் குடும்பத்துக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் கணவருடன் இங்கு குடியேறினார். களுத்துறையில் வாழ்ந்த காலத்தில் சாதாரண கிராம மக்களையும் படம் பிடித்தார். 1879இல் டிக்கோயாப் பகுதித் தோட்டம் ஒன்றில் காலமானார். இவரது கல்லறை பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் உள்ளது.

சிந்திக்க: இங்கிலாந்தில் இவர் எடுத்த படங்களில் இருப்பவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். இலங்கையில் எடுத்த படங்களில் இருப்பவர்களில் அநேகரின் பெயர்கள் தெரியாது. ஏன்? ஆட்சி செய்தவர்களின் வரலாறு பதியப்பட்டது. உழைத்தவர்களின் வரலாறு பதியப்படவில்லை. கோப்பித் தோட்டங்களை உருவாக்க தமிழ்நாட்டிலிருந்து வந்து, மன்னாரில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மாத்தளையை அடைந்த நமது முன்னோரும் அவ்வாறு பெயர் பதியப்படாதவர்களே.

2. புளோரன்ஸ் பார் (1860 - 1917)

இலண்டன் நாடக மேடையில் புகழ்பெற்ற நடிகை. பேர்னாட் ஷா, டபிள்யூ. பி. யேட்ஸ் ஆகிய எழுத்தாளர்களுடன் இணைந்து பணியாற்றியவர். 1912இல் இலங்கைக்கு வந்தார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்காக நிறுவிய இராமநாதன் கல்லூரி 1913இல் ஆரம்பமானபோது அதன் அதிபராகப் பொறுப்பேற்றார். புற்றுநோயால் பாதிக்கப்பட்டு 1917இல் கொழும்பில் காலமானார்.

இவரது பணியின் முக்கியத்துவம்: பெண்கல்வி பெருமளவில் மிஷனரிப் பாடசாலைகளின் கையில் இருந்த காலத்தில், சுதேச சமயச் சூழலில் இயங்கிய பெண்கள் கல்லூரி ஒன்றுக்கு ஆங்கிலேயப் பெண் ஒருவர் தலைமை தாங்கினார்.

3. எதெல் குமாரசுவாமி (1872 - 1952)

பிற்காலத்தில் எதெல் மேரே என அழைக்கப்பட்டவர். கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை 1902இல் மணந்து, 1903இல் இலங்கைக்கு வந்தார். கணவர் கண்டிப் பிரதேசக் கைவினைகளை ஆராய்ந்தபோது இவரும் கிராமம் கிராமமாகச் சென்று புகைப்படங்கள் எடுத்தார். துணித் தையல் வேலைப்பாடுகளை ஆராய்ந்தார். 1908இல் வெளிவந்த 'மத்தியகால சிங்களக் கலை' என்ற நூலுக்கு இவரது உழைப்பு பெரிதும் பயன்பட்டது. இங்கிலாந்து திரும்பிய பின்னர் இயற்கைச் சாயமிடல், கைத்தறி நெசவு ஆகியவற்றில் வல்லுநராகி, 1937இல் 'கைத்தொழிலுக்கான அரச வடிவமைப்பாளர்' என்ற கௌரவத்தைப் பெற்ற முதற் பெண்ணானார்.

இயந்திரப் பொருட்கள் வந்து குவிந்தபோது கிராமியக் கைவினைகள் அழிந்துபோகும் நிலையை அடைந்தன. அவற்றைப் பதிவு செய்தமையே இத்தம்பதியரின் சேவை. நமது மாவட்டத்தின் பல்லேஹப்புவிட கிராமத்தின் அரக்கு வேலைப்பாடு இத்தகைய மரபுக்கு நல்ல உதாரணமாகும்.

4. டொரீன் விக்கிரமசிங்க (1907 - 2000)

இங்கிலாந்தில் டொரீன் யங் எனப் பிறந்தவர். 1930இல் ஆசிரியப் பணிக்காக இலங்கைக்கு வந்து மாத்தறை சுஜாதா வித்தியாலயத்திலும், பின்னர் கொழும்பு ஆனந்த பாலிகா வித்தியாலயத்திலும் அதிபராகக் கடமையாற்றினார். 1933இல் இடதுசாரித் தலைவர் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவை மணந்தார்.

நவம்பர் 11ஆம் திகதி பொப்பி மலர் விற்றுச் சேர்க்கப்பட்ட பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே சென்றது. இதற்கு எதிராக, அதே தினத்தில் பூவரசம் பூவை விற்ற 'சூரியமல் இயக்கத்தில்' இவர் முன்னணியில் நின்றார். 1934 - 1935 மலேரியாக் கொள்ளை நோயின்போது இவ்வியக்கத்தினர் கிராமங்களில் நிவாரணப் பணி செய்தனர். 1952இல் கம்யூனிஸ்ட் கட்சி சார்பில் அக்குரஸ்ஸ தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்.

ஆளும் நாட்டில் பிறந்தும் ஆளப்பட்ட மக்களின் பக்கம் நின்றமையே இவரது சிறப்பு.

5. வாக்குரிமை: அங்கும் இங்கும்

பிரித்தானியப் பெண்கள் வாக்குரிமையை இலகுவாகப் பெற்றுக்கொள்ளவில்லை. மிலிசன்ற் போசெற் மனுக்கள், கூட்டங்கள் மூலம் அமைதி வழியில் போராடினார். எமலின் பாங்கேர்ஸ்ற் 1903இல் மான்செஸ்டரில் தனிச் சங்கம் அமைத்துத் தீவிரமாகப் போராடினார், பலமுறை சிறை சென்றார், உண்ணாவிரதம் இருந்தார். 1918இல் 30 வயதுக்கு மேற்பட்ட, குறித்த சொத்துத் தகைமையுள்ள பெண்களுக்கு மட்டும் வாக்குரிமை கிடைத்தது. ஆண்களுக்குச் சமமாக 21 வயதில் வாக்களிக்கும் உரிமை 1928இலேயே கிடைத்தது. அச்சட்டம் நிறைவேறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் பாங்கேர்ஸ்ற் காலமானார்.

இதே வேளையில் இலங்கைக்கு டொனமூர் ஆணைக்குழு வந்தது. 1927இல் அமைக்கப்பட்ட பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அதன் முன் சாட்சியமளித்தது. தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என்று அங்கு வினவப்பட்டது. சங்கத்தின் செயலாளர் அக்னஸ் டி சில்வா, அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்தில் விடையளித்தார். மாணவர்களே, இவ்விடையை நன்கு நினைவில் வையுங்கள். தமக்காகக் கேட்க வந்தவர், அங்கு வர முடியாதவர்களுக்காகவும் கேட்டார்.

ஆணைக்குழு பெண்களுக்கு 30 வயது எனச் சிபாரிசு செய்தபோதிலும், 1931இல் ஆண், பெண் இருபாலாருக்கும் 21 வயதில் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. பிரித்தானியப் பெண்கள் சம உரிமை பெற்று மூன்று ஆண்டுகளுக்குள் இலங்கைப் பெண்களும் அதனைப் பெற்றனர். இந்திய வம்சாவளியினருக்கு வதிவிட நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. எனினும் தோட்ட மக்களில் ஒரு பகுதியினர் வாக்களித்தனர். ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுச் சட்டங்களும் அவர்களில் பெரும்பான்மையினரின் உரிமையைப் பறித்தன. எஞ்சியிருந்த நாடற்றோர் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் தீர்வு வழங்கியது. கிடைத்த உரிமையும் பறிபோகலாம் என்பதற்கு நமது பாட்டிமாரின் வாழ்க்கையே சான்று.

கவனிக்க வேண்டியவை

மாணவர் பலர் வெளிநாட்டுப் பெண்கள் அனைவரையும் 'ஆங்கிலேயர்' என எழுதி விடுகின்றனர். இது தவறு.

• டாக்டர் மேரி இரத்தினம் - கனடா நாட்டவர். 1930இல் லங்கா மகிளா சமித்தியை நிறுவியவர்.
• மேரி மியூசியஸ் ஹிக்கின்ஸ் - ஜேர்மனியில் பிறந்தவர். மியூசியஸ் கல்லூரியுடன் தொடர்புடையவர்.
• லீலாவதி இராமநாதன் - அவுஸ்திரேலியாவில் பிறந்தவர்.
• அக்னஸ் டி சில்வா - இலங்கைப் பறங்கியர் சமூகத்தவர்.

விடை எழுதும் முறை

ஒருவரின் சேவையை மதிப்பிடுமாறு கேட்டால் பிறப்பு, இறப்பு ஆண்டுகளை மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது. யார், எக்காலம், என்ன செய்தார், அதனால் என்ன மாற்றம் ஏற்பட்டது என்ற நான்கு படிகளில் எழுத வேண்டும்.

மாதிரி வினா: சூரியமல் இயக்கத்தில் டொரீன் விக்கிரமசிங்கவின் பங்கினை விளக்குக.

மாதிரி விடை: இங்கிலாந்தில் பிறந்த டொரீன் 1930இல் இலங்கைக்கு வந்த கல்வியாளர் ஆவார். பொப்பி மலர் விற்பனைப் பணம் பிரித்தானியாவுக்குச் செல்வதை எதிர்த்து, 1930களில் பூவரசம் பூ விற்கும் இயக்கத்தில் முன்னணியில் நின்றார். இவ்வியக்கம் மலேரியா நிவாரணப் பணியிலும் ஈடுபட்டது. இதனால் ஏகாதிபத்திய எதிர்ப்புணர்வு வளர்ந்ததுடன், இடதுசாரி இயக்கம் கிராம மக்களை நெருங்கவும் வழியேற்பட்டது.

பயிற்சி வினாக்கள்

1. ஜூலியா மார்கிரட் கமரனின் கல்லறை அமைந்துள்ள இடம் எது?
2. இராமநாதன் கல்லூரி ஆரம்பமானபோது அதிபராகப் பொறுப்பேற்ற ஆங்கிலேயப் பெண் யார்?
3. எதெல் குமாரசுவாமி ஆற்றிய பணிகள் இரண்டு தருக.
4. 1918, 1928, 1931 ஆகிய ஆண்டுகளின் முக்கியத்துவத்தைத் தனித்தனியே குறிப்பிடுக.
5. 'பெண்கள் வாக்குரிமை என்பது எல்லாப் பெண்களுக்குமான உரிமை.' அக்னஸ் டி சில்வா அளித்த சாட்சியத்தையும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தையும் துணையாகக் கொண்டு இக்கூற்றை ஆராய்க.

ஐந்தாம் வினாவுக்கு விடை எழுதும் முன் வீட்டிலுள்ள மூத்தோரிடம், அவர்கள் முதன்முதலாக எந்த ஆண்டில் வாக்களித்தார்கள் என்று கேட்டறியுங்கள். அந்த ஆண்டை விடைத்தாளில் எழுத வேண்டியதில்லை. ஆனால் விடை தெளிவாக வரும்.