பழைய மண்ணெண்ணெய் இயந்திரத்தைப் புதுக்குதல்

துலா மிதித்து நீரிறைத்த குடாநாட்டுத் தோட்டங்களில் 1950 ஆம் ஆண்டுகளிலிருந்து நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவலாயின. அவற்றுட் பல பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடுவன. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்திற் பெற்றோல் துளிக்கணக்கிற் கிடைத்தபோதும், மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நீர் கொடுத்தவை இவ்வியந்திரங்களே. பின்னர் மின்மோட்டர்கள் பெருகின. 2022 ஓகத்து மாதத்தில் மண்ணெண்ணெய் விலை இலீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்ததும், எஞ்சியிருந்தவற்றுட் பலவும் ஓய்ந்தன. இன்று அவை மாட்டுக்கொட்டில் மூலையிற் சாக்கு மூடியபடி கிடக்கின்றன. பழைய இரும்பாக நிறுத்துக் கொடுத்துவிடுவதா, மீண்டும் ஓடச்செய்வதா எனக் கமக்காரர் எம்மிடம் வினவுவதுண்டு.

உழைத்த மணித்தியாலங்களுக்குக் கூலி கணக்கிட்டாற் புதுக்குதல் நட்டமே. பொழுதுபோக்காகக் கொள்வார்க்கு அக்கணக்கு வேண்டியதில்லை. சீட்டாட்டத்துக்குக் கூலி கேட்பார் எவருமில்லை. மின்கம்பி செல்லாத வயலோரக் கிணற்றிலும், மின் தடைப்பட்ட நாளில் வாடும் நாற்றுமேடையிலும் அவ்வியந்திரத்தின் பெறுமதியை எவரும் அறிவர். ஆயினும் எண்ணெய் மலிவாயிருந்த காலத்தில் எப்படியாவது ஓடினாற் போதும் என விட்டது போல இன்று விடமுடியாது. எண்ணெயை வீணாக்காது ஓடும்படி திருத்துதலே திருத்தம் எனப்படும்.

இவ்வேலைக்கு உகந்த காலம் மாரி. ஐப்பசி முதல் மார்கழி வரை இறைப்புக் குறைவு, கையும் ஓய்வாயிருக்கும். ஸ்பானர்கள், இடைவெளி அளக்கும் தகட்டுக் கருவி, வால்வு தேய்க்கும் பசை, திருகாணிகளைத் தனித்தனியே போட்டுவைக்க நாலைந்து பேணிகள் ஆகியவை போதும். கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் கைத்தொலைபேசியிற் படமெடுத்து வைத்தல் இக்காலத்துக்குரிய வசதி. பூட்டும்போது அதன் அருமை விளங்கும்.

கழற்றுமுன் விசாரிக்க

இயந்திரம் கைக்கு வந்தவுடன் ஸ்பானரை எடுத்தல் பலரது வழக்கம். அது வேண்டாம். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல, இயந்திரம் எவ்வாறு நின்றது என்பதைக் கடைசியாக ஓட்டியவரிடம் முதலிற் கேட்டறிதல் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கையிற் சட்டென நின்றதாயின் குறை தீப்பொறியிலோ எண்ணெய் வழியிலோ இருக்கக்கூடும். மாதக்கணக்கில் வலுக்குறைந்து நின்றதாயின் வால்வையும் பிஸ்ரன் வளையங்களையும் ஐயுறலாம். கிறீச்சென்ற ஒலியுடன் இறுகி நின்றதாயின் ஒயில் இன்றி ஓட்டியிருப்பர்.

அடுத்து அமுக்கத்தைச் சோதிக்க. கயிற்றை மெல்ல இழுக்கும்போது ஓரிடத்திற் கை தடைப்பட வேண்டும். தடையின்றிச் சுழலுமாயின் அமுக்கம் கசிகின்றது. பிளக்குத் துவாரத்தினூடாக ஒரு தேக்கரண்டி ஒயில் ஊற்றி மீண்டும் இழுத்துப் பார்க்க. இப்போது தடை தோன்றினாற் கசிவு வளையங்களில் உள்ளது. ஒயில் அவ்விடைவெளியைச் சிறிதுநேரம் அடைத்தமையாலேயே தடை தோன்றிற்று. தோன்றாவிடிற் கசிவு வால்வுகளிலோ தலைப்பகுதியின் கஸ்கற்றிலோ ஆகும். ஒரு கரண்டி ஒயிலால் அறியக்கூடியதை, எஞ்சின் முழுவதையும் பிரித்துப் போட்டும் அறியாதார் உளர்.

தீப்பொறியை அறிய, பிளக்கைக் கழற்றி அதன் கம்பியிற் பொருத்தி, உலோகப் பகுதியை எஞ்சினிற் படும்படி பிடித்துக் கயிற்றை இழுக்க. அருகிற் பெற்றோல் இருத்தலாகாது. நீலநிறப் பொறி 'சடக்' எனப் பாய்ந்தால் நன்று. மஞ்சள் நிறமாய் மெலிந்திருந்தாற் பெரும்பாலும் பறக்குஞ்சில்லின் கீழுள்ள பொயின்ற் கறுத்திருக்கும். மென்மையான தாளாற் துடைத்து, கொண்டா ஜி 150, ஜி 200 போன்ற சிறிய எஞ்சின்களில் அதன் இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் வரையும், பிளக்கின் இடைவெளியை ஏறக்குறைய 0.7 மில்லிமீற்றராகவும் வைத்தல் வேண்டும்.

பறக்குஞ்சில்லைக் கழற்றியபோது அதன் சிறு சாவித்துண்டையும் நோக்குக. அது வேண்டுமென்றே மென்மையான உலோகத்தாற் செய்யப்பட்டது. சிறிது வெட்டுண்டாலும் தீப்பொறி வரும் நேரம் மாறி, கயிறு கையைத் திருப்பி அடிக்கும். ஆணியை வெட்டி அவ்விடத்திற் செருகுவது ஊரில் உள்ள பழக்கம். சில்லு திடீரெனத் தடைப்பட்டால் ஆணி வெட்டுண்ணாது. அதற்குப் பதிலாகச் சுழலச்சுப் பழுதாகும். சாவித்துண்டின் விலையையும் சுழலச்சின் விலையையும் ஒப்பிட்டுக்கொள்க.

இறுகிய எஞ்சின்

பல ஆண்டு கிடந்த எஞ்சினிற் பிஸ்ரன் துருவால் ஒட்டியிருத்தல் இயல்பு. ஒயிலும் மண்ணெண்ணெயும் சம அளவிற் கலந்து பிளக்குத் துவாரத்தில் ஊற்றி மூன்று நான்கு நாள் விடுக. பின் பறக்குஞ்சில்லை இரு கையாலும் பற்றி முன்னும் பின்னும் சிறிது சிறிதாய் அசைக்க. அசையாவிடின் மீண்டும் ஊற்றிக் காத்திருக்க. சுத்தியலால் அடித்தலும், கயிறுகட்டி லான்ட்மாஸ்டரால் இழுத்தலும் அறவே கூடா. இந்த ஒரு வேலையிற் பொறுமையை விடச் சிறந்த கருவி கிடையாது.

காபரேற்றரும் எண்ணெயும்

பழம் பெற்றோல் வற்றும்போது பிசினாய்ப் படிந்து காபரேற்றரின் நுண்துளைகளை அடைக்கும். அத்துளைகளை உருக்குக் கம்பியாலோ ஊசியாலோ குடைந்து துப்புரவாக்குவோர் பலர். இயந்திரம் அப்போதைக்கு ஓடும்; ஆனால் துளை மயிரளவு பெருத்துவிடும். அன்றுமுதல் அவ்வெஞ்சின் கரும்புகை கக்கி, இறைக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் மிகையாக எண்ணெய் குடிக்கும். பெற்றோலில் ஊறவைத்து, சைக்கிள் பம்பாற் காற்றடித்தலே முறை. போகாத அடைப்பைத் தூரிகை மயிரால் நீக்கலாம். துளை முன்னரே பெருத்திருப்பின் அச்சிறு பித்தளைத் துண்டைப் புதிதாக வாங்குவதன்றி வேறு வழியில்லை.

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆதலாற் பெற்றோலிற் புறப்படச்செய்து, சுமையுடன் ஐந்து நிமிடமளவில் ஓடி நன்கு சூடேறியபின் குழாயை மண்ணெண்ணெய்க்குத் திருப்புதல் வேண்டும். வெண்புகையும் பச்சை மண்ணெண்ணெய் நெடியும் வந்தால் முன்கூட்டியே திருப்பிவிட்டோம் என்பது பொருள். நிறுத்துவதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பு மீண்டும் பெற்றோலுக்குத் திருப்புதலும் வேண்டும். இல்லையேற் காபரேற்றர்க் கிண்ணத்தில் மண்ணெண்ணெயே நிற்கும். மறுநாட்காலை எத்தனை முறை இழுத்தாலும் எஞ்சின் புறப்படாது. "பழுதாய்ப் போயிற்று" என எறியப்பட்ட இயந்திரங்களுட் சில இக்காரணத்தால் மட்டும் எறியப்பட்டவை.

எரியாத மண்ணெண்ணெய் தேய்ந்த வளையங்களினூடே இறங்கி ஒயிலோடு கலப்பதும் உண்டு. ஒயிலின் மட்டம் நாள்தோறும் உயருவதைக் கண்டு சிலர் மகிழ்வர். அது கேட்டின் அறிகுறி. விரலில் தொட்டால் நீர்போல் ஓடும் அவ்வொயில் சுழலச்சைக் காக்காது. உடனே மாற்றுக.

வால்வும் வளையமும்

மேற்கூறிய எஞ்சின்களில் வால்வுகள் பக்கத்தில் அமைந்தவை. தலைப்பகுதியைக் கழற்றினாற் கண்ணுக்குத் தெரியும். கரியைச் சுரண்டி நீக்கியபின், வால்வின் ஓரத்திற் தேய்க்கும் பசையைத் தடவி, உறிஞ்சுகோலால் ஒட்டிப் பிடித்து இருபுறமும் மாறி மாறித் திருப்புக. இருக்கையைச் சுற்றிலும் அறாத சாம்பல்நிற வளையம் தோன்றும்வரை தேய்த்தல் வேண்டும். பின்னர்ப் பசையை ஒரு துணிக்கையும் இல்லாமற் கழுவுக. எஞ்சிய பசை உள்ளே சென்று சிலிண்டரையும் தேய்த்துவிடும். தேய்த்ததனால் வால்வு சற்றுத் தாழும். அதனால் அதன் அடித்தண்டுக்கும் தள்ளிக்கும் உள்ள இடைவெளி குறையும். பலர் இதனை மறப்பர். இவ்வெஞ்சின்களில் இடைவெளியைத் திருத்தும் திருகாணி இல்லாமையால், தண்டின் நுனியை நேராக, மிகச் சிறிதளவே அராவி இடைவெளியைக் கைநூலிற் கண்டவாறு வைத்துக்கொள்ளல் வேண்டும்.

வளையத்தின் தேய்வை அறிய, அதனைச் சிலிண்டருள் நேராகத் தள்ளி வாயிடைவெளியை அளக்க. 67 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஜி 200 எஞ்சினிற் புதுவளையத்தின் வாய் ஏறக்குறைய கால் மில்லிமீற்றர் இருக்கும். ஒரு மில்லிமீற்றரைக் கடந்ததாயின் மாற்றுக. வளையங்கள் வார்ப்பிரும்பாகையால் அகல விரித்தால் முறியும்.

தலைப்பகுதிக் கஸ்கற்றை மட்டும் உரிய தடிப்பில் வாங்கியே இடல் வேண்டும். மெல்லியதை இட்டால் அமுக்கம் கூடும். மண்ணெண்ணெய் அதனைத் தாங்காது தட்டொலி எழுப்பும். வலு கூடும் என்று தலைப்பகுதியை அராவிக் குறைப்பாரும் உளர். பெற்றோலுக்கு ஒருகால் அது பொருந்தலாம், மண்ணெண்ணெய்க்குப் பொருந்தாது. சிலிண்டர் வெடித்திருந்தாலோ சுழலச்சுக் கழுத்து ஆழமாய்க் கீறுண்டிருந்தாலோ அவ்வியந்திரத்தை மேலும் திருத்த முயலாது, பிறிதொன்றுக்கு உதிரிப்பாகமாக வைத்துக்கொள்ளலே அறிவுடைமை.

நிறம் பூசுதல் கடைசி வேலை. சந்தைக்கு வரும் பழைய இயந்திரங்களிற் பளபளப்பாய் நிறம் பூசியவற்றையே முதலில் ஐயுறுக.

ஓடிப்பார்த்தல்

முதல்முறை பெற்றோலிலேயே பத்து நிமிடம் மெதுவாய் ஓட்டி நிறுத்தி, ஆறியபின் தலைப்பகுதித் திருகாணிகளை மீண்டும் இறுக்குக. ஐந்து மணித்தியாலம் ஓடியதும் ஒயிலை மாற்றுக. தேய்ந்த துகள்கள் அதில் மின்னுவதைக் காணலாம். நீலப்புகை சிறிது வந்து மறைந்தால் அஞ்சவேண்டாம். மறையாது தொடர்ந்தால் ஒயில் எரிகின்றது. வளையங்களை மீண்டும் நோக்குக. எஞ்சினைச் சாய்வான இடத்தில் வைத்தல் கூடாது. உள்ளேயுள்ள சிறு கரண்டி சிதறும் ஒயிலே உறுப்புகளை நனைப்பதால், சாய்ந்தால் அது எட்டாது.

எஞ்சின் நன்கு ஓடியும் நீர் வாராதாயின் எஞ்சினைக் குறைகூறுதல் தகாது. உறிஞ்சு குழாயில் எங்கோ காற்று நுழைகின்றது, அல்லது அடிவால்வின் தோல் காய்ந்து விறைத்துள்ளது. புதுத்தோல் வெட்டியிடச் செல்வது சொற்பமே.

கிணற்றருகே

ஓடும் இயந்திரத்தை அடுத்துக் கிணற்றுக்குக் கொண்டுசெல்வோம். பம்பு நீரை இழுப்பதில்லை. பம்பு உண்டாக்கும் வெற்றிடத்துள் வளிமண்டல அமுக்கமே நீரைத் தள்ளுகின்றது. அவ்வமுக்கம் கணக்கின்படி 34 அடிவரை நீரை உயர்த்தும். உராய்வும் கசிவும் போக, நடைமுறையில் 23 அடிக்கு மேல் எதிர்பார்த்தலாகாது. கோடையில் நீர்மட்டம் அதனினும் தாழும்போது, இயந்திரத்தையே கயிற்றிற் கட்டிக் கிணற்றுட் படியில் இறக்கி ஓட்டும் வழக்கம் உண்டு. இது உயிரைக் கொல்லும் வழக்கம்.

எஞ்சினின் புகையிற் காபனோரொட்சைட்டு என்னும் வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அது குருதியில் ஒட்சிசன் சேரவேண்டிய இடத்தை 200 மடங்குக்கு மேற்பட்ட நாட்டத்துடன் பற்றிக்கொள்ளும். திறந்த வெளியிற் காற்றோடு கலைந்துவிடும் அப்புகை, கிணற்றின் சுவர்களுக்குள்ளே தேங்கி நிற்கும். விளக்கை இறக்கிப் பார்த்து, அணையாவிட்டால் இறங்கலாம் என்னும் பழைய சோதனை இதற்குப் பயன்படாது. ஒட்சிசன் மிகக் குறைந்தாலே விளக்கு அணையும்; இவ்வாயுவோ காற்றில் நூற்றுக்கு ஒன்றிலும் குறைந்த அளவிலே ஆளைக் கொல்லும். அப்போதும் விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருக்கும். நன்கு திருத்திய எஞ்சினின் புகையிலும் இது உண்டு; திருத்தியதனாற் கிணற்றுக்குள் வைக்கலாம் எனக் கருதுதல் கூடாது.

23 அடிக்குக் கீழே நீர் தாழ்ந்த கிணற்றுக்கு மண்ணெண்ணெய் இயந்திரம் உரியதன்று. நீருள் அமிழும் மின்பம்பை நாடுக. அல்லது இறைப்பை நிறுத்துக. குடாநாட்டின் சுண்ணக்கல்லிலே நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கின்றது. தாழ்ந்த கிணற்றை மேலும் இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலேறும். அந்நீரைப் பாய்ச்சிக் காப்பாற்றிய மிளகாய் அடுத்த கிழமை கருகும்.

இயந்திரத்தைக் கிணற்றுக்கட்டிலிருந்து விலக்கி, விளிம்புள்ள சீமெந்து மேடையில் மட்டமாக வைத்து, புகைவாயைக் காற்று வீசும் பக்கமாகத் திருப்புக. மேடையில் வடியும் ஒயிலைத் துணியால் துடைத்தெடுக்க. கழித்த ஒயிலை நிலத்தில் ஊற்றுதல் கூடாது. சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே அது கிணற்றையே அடையும்.

எவரேனும் இதனை மீறிக் கிணற்றுள் இயந்திரத்தை ஓட்டி மயங்கியிருப்பின், அவரைத் தூக்க எவரும் உடனே உள்ளே இறங்கற்க. ஒருவர் பின் ஒருவராக இறங்கினோர் அனைவரும் மடிதல் இதில் நேரும். இடுப்பிற் கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுத்தெடுக்க. இல்லையேல் அயலாரைக் கூவியழைத்து, 1990 என்னும் அவசர நோயாளர் வண்டிச் சேவையின் இலக்கத்துக்குத் தொலைபேசியிற் பேசி, கிணற்றுள் புகையில் ஒருவர் மயங்கிக் கிடக்கின்றார் என்பதையும், ஊரையும், செல்லும் ஒழுங்கையையும் தெளிவாகக் கூறுக.