பணம் வாங்க ‘பின்’ எதற்கு?

எங்க பாட்டிக்கு 78 வயசு. தாத்தா வெளியூரிலிருந்து அனுப்பும் மணியார்டருக்காக ஒரு காலத்தில் வாசலிலேயே காத்திருப்பாராம். தபால்காரர் பாரத்தில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பணத்தை எண்ணிக் கொடுப்பார்.

2016-ல் யுபிஐ வந்தது. இப்போது பேரன் அனுப்பும் பணம் சில நொடிகளில் பாட்டியின் வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. கையெழுத்துக்கு வேலையே இல்லை.

சில மாதங்களுக்கு முன் பாட்டிக்கு ஒரு அழைப்பு. “உங்களுக்கு 5,000 ரூபாய் வந்திருக்கு. வாட்ஸ்அப்பில் அனுப்பிய கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி, பின் நம்பரைப் போடுங்க” என்றது அந்தக் குரல். பாட்டியும் போடப் போனார். தங்கை பார்த்துத் தடுத்தாள். “பணம் வாங்கணும்னா கையெழுத்துப் போடணும்ல?” என்று பாட்டி கேட்டார்.

மோசடிக்காரர்கள் நம்புவது இந்தப் பழைய பழக்கத்தைத்தான். மணியார்டரில் வாங்குபவர் கையெழுத்துப் போட்டார். யுபிஐயில் அனுப்புபவர்தான் பின் போடுகிறார். எனவே நினைவில் வையுங்கள்:

• பணம் பெற பின் நம்பரோ, கியூஆர் ஸ்கேனோ தேவையில்லை.
• பின், ஓடிபி இரண்டையும் யாரிடமும் சொல்லாதீர்கள்.
• பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்; வங்கிக்கும் தெரிவியுங்கள்.

2022-ல் வந்த யுபிஐ 123பே மூலம் பட்டன் போனிலும் பணம் அனுப்பலாம். பின் நம்பரின் இடத்துக்குக் கைரேகையும் முகமும் ஏற்கெனவே வரத் தொடங்கிவிட்டன; நாளை குரலோ வேறு ஏதாவதோ வரலாம். எது வந்தாலும் ஒரு நொடி நின்று கேளுங்கள்: ‘நான் வாங்குறேனா, கொடுக்குறேனா?’

இன்றைக்கே உங்க வீட்டுப் பெரியவங்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.